பிடி அரிசி

தென் திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி நன்கு நினைவிருக்கும். அடுப்பில் உலை கொதித்துக் கொண்டிருக்கும். அம்மா சுளகில் அரிசியைப் புடைத்து, கல் பொறுக்கி, களைவதற்காக எடுத்து வைப்பாள். தண்ணீர் ஊற்றுமுன் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, அடுப்படி மூலையில் இருக்கும் சிறு கலயத்தில் போடுவாள். கண்ணை மூடி நெடிய ஜெபம் எதுவும் செய்யமாட்டாள். உதடு மட்டும் சற்றே அசையும். அடுத்த கணம் அரிசி களையத் தொடங்கிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கலயத்து அரிசி ஓலைப்பெட்டியில் கோயிலுக்குப் போகும். ஆராதனை முடிந்ததும் காணிக்கையாக வந்த பூசணிக்காயும் கோழியும் முட்டையும் ஏலம் போகும்போது அந்த அரிசியும் ஏலம் போகும். சில வேளைகளில் கொடுத்தவளே அதை ஏலத்தில் எடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து சமைப்பதும் உண்டு. இதற்குப் பிடி அரிசி என்று பெயர்.

கிறிஸ்தவ நம்பிக்கையை அன்றாட வாழ்வில் கடைப்பிடிப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள். பெரிய தத்துவம் எதையும் விளக்காமல், இந்த ஒரு பிடி அரிசியைக் கையில் வைத்துக்கொண்டே பேசலாம் என்று எண்ணுகிறோம். வேறு சமயத்தைச் சேர்ந்த நேயர்களுக்கும் இது அந்நியமான செய்தி அன்று. காஞ்சி காமகோடி பீடத்தின் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள், இல்லந்தோறும் நாள்தோறும் ஒரு பிடி அரிசி எடுத்துவைக்கச் சொல்லி, பிடி அரிசித் திட்டத்தை ஊக்குவித்தார் என்பதைப் பலரும் அறிவர். தான் உண்ணுமுன் பிறர்க்கென்று ஒரு பங்கை ஒதுக்கும் கை தமிழ்நாட்டின் எல்லா அடுப்படிகளிலும் இருந்திருக்கிறது.

சொந்த ஊரில் நம்பிக்கையைக் காத்துக்கொள்ள நாம் அதிகம் பாடுபட வேண்டியதில்லை. விடியுமுன் கோயில் மணி அடிக்கும். பனையேறப் போகிறவரும் வயலுக்குப் போகிறவரும் அந்த மணியைக் கேட்டுக்கொண்டுதான் புறப்படுவர். மாலையில் மீண்டும் மணி அடிக்கும். ஆராதனைக்கு வராதவர் வீட்டுக்கு உபதேசியார் வந்து விசாரிப்பார். தபசு நாட்கள், உயிர்த்தெழுந்த திருநாள், அறுப்பின் பண்டிகை, ஊரே ஒன்றாக அமர்ந்து உண்ணும் அசனம், கிறிஸ்து பிறப்பு என்று ஆண்டு முழுவதும் ஒரு ஒழுங்கில் நகரும். நம்பிக்கை நம்மைத் தாங்குகிறதா, ஊர் நம் நம்பிக்கையைத் தாங்குகிறதா என்று அங்கே பிரித்தறியத் தேவையே ஏற்படுவதில்லை.

ஊரைவிட்டு வெளியேறும்போதுதான் அந்தக் கேள்வி எழுகிறது. பிழைப்பைத் தேடி வடக்கே வந்த தமிழர் எல்லோருக்கும் இந்த அனுபவம் ஏதோ ஒரு வடிவில் ஏற்பட்டிருக்கும். இரயிலில் ஏறும்போது பெட்டியில் வேதாகமமும் பாட்டுப் புத்தகமும் வைத்துக் கட்டிவிடுவார்கள். கோயில் மணியை யாரும் கட்டிக் கொடுக்க முடியாது.

நாங்கள் தில்லிக்கு வந்த புதிதில் ஒரு வீட்டின் மொட்டை மாடியில், பர்சாத்தி என்று இங்கே சொல்கிறார்களே, அப்படி ஓர் அறையில் குடியிருந்தோம். தமிழ் ஆராதனை நடக்கும் ஆலயத்துக்கு இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டும். முதலாண்டு ஒரு ஞாயிறும் தவறவில்லை. பிறகு குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வாரம், குளிர் அதிகம் என்று ஒரு வாரம் தவறிற்று. பின்னர் மாதம் ஒருமுறை என்று ஆயிற்று. இறுதியில் கிறிஸ்து பிறப்புக்கும் உயிர்த்தெழுந்த திருநாளுக்கும் மட்டும் போய்வருவோர் வரிசையில் நாங்களும் சேர்ந்துவிட்டோம். வார நாட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பால் வாங்க ஓட்டம், தண்ணீர் வருமுன் எழுந்திருக்கும் அவசரம், பேருந்து, அலுவலகம், மீண்டும் பேருந்து, சப்பாத்தி, தூக்கம். 'இந்த ஓட்டத்தில் கடவுளுக்கு நேரம் எங்கே?' என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். ஓய்வுபெற்று ஊருக்குப் போனபின் பக்தியாக இருக்கலாம் என்பது எங்கள் எண்ணம். அதைத் தவறென்று கருதக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

அந்நாட்களில் ஓர் இரவு, குழந்தைக்குக் கதை சொல்வதற்காக வேதாகமத்தைத் திறந்தபோது அப்போஸ்தலர் நடபடிகளின் பதினெட்டாம் அதிகாரம் கண்ணில் பட்டது. எத்தனையோ முறை கேட்டதுதான். அன்றுதான் அது குடிபெயர்ந்தவர்களின் கதை என்பது புலப்பட்டது. ஆக்கில்லா என்பவர் கருங்கடற்கரையில் உள்ள பொந்து நாட்டில் பிறந்தவர். மனைவி பிரிஸ்கில்லாளுடன் ரோமாபுரியில் வாழ்ந்தார். கிலவுதியு பேரரசர் யூதர்களை அந்நகரைவிட்டு வெளியேற்றவே, இருவரும் கிரேக்க நாட்டின் கொரிந்து பட்டணத்தில் வந்து குடியேறினர். கூடாரம் செய்வது அவர்கள் தொழில். அங்கே வந்த பவுலடியாருக்கும் அதே தொழில் தெரியும். ஆகவே அவர் அவர்கள் வீட்டிலேயே தங்கி, சேர்ந்து வேலை செய்தார். பின்னர் எபேசு பட்டணத்துக்குப் போனபோதும், மீண்டும் ரோமாபுரிக்குத் திரும்பியபோதும் அவர்கள் வீட்டிலேயே சபை கூடியது. பவுலின் நிருபங்களிலேயே இச்செய்தி இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்களுக்குக் கோயில் இல்லை. மணி இல்லை. ஊர் இல்லை. இருந்தவை ஒரு வீடு, ஒரு தொழில், ஊசி, நூல், வந்தவரை உட்காரச் சொல்லும் மனம், இவ்வளவே. உலகெங்கும் பின்னர் எழுந்த பேராலயங்கள் யாவும் இத்தகைய வாடகை வீடுகளுக்கும் பட்டறைகளுக்கும் பிற்பட்டவை. நாங்களோ பேராலயம் தொலைவில் இருக்கிறது என்று சொல்லி வீட்டையும் வெறுமையாக விட்டுவிட்டோம்.

இன்னும் சற்று முன்னே போனால், இயேசு பெருமான் போதிக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது ஏறக்குறைய முப்பது என்று லூக்கா எழுதுகிறார். நாசரேத்து ஊரார் அவரைத் தச்சன் என்றுதான் அறிந்திருந்தனர். போதித்த காலம் சில ஆண்டுகள்; உழைத்து வாழ்ந்த காலம் அதைவிட மிக நீண்டது. ஆகவேதான் போலும், அவர் சொன்ன உவமைகளில் வீட்டு வேலையின் வாசனை அவ்வளவு வீசுகிறது. பெண் ஒருத்தி மூன்று படி மாவிலே கலந்து வைத்த புளித்த மா, காசு ஒன்று தொலைந்ததால் விளக்கேற்றி வீட்டைப் பெருக்கும் பெண், பழந்துணியில் போடும் ஒட்டு, உணவில் இடும் உப்பு என்று அடுப்படியையும் முற்றத்தையும் தாண்டாமலே அவர் வானுலக அரசை விளக்கிவிடுகிறார். அன்றாட வேலையை விட்டு விலகினால்தான் கடவுளைக் காணலாம் என்று அவர் கருதியிருந்தால், இந்த உவமைகளுக்கு அவர் வேறிடம் தேடியிருப்பார்.

இவ்வாறு எங்கள் மனம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் நண்பர் ஒருவர் ஒரு சிறு நூலைக் கொடுத்தார். பதினேழாம் நூற்றாண்டில் பாரிசு நகரில் வாழ்ந்த சகோதரர் லாரன்ஸ் என்னும் துறவியின் உரையாடல்களும் கடிதங்களும் அடங்கிய நூல் அது. அவருடைய இயற்பெயர் நிக்கோலா எர்மான். லொரேன் நாட்டு ஏழைக் குடும்பத்தில் பிறந்து, போர்வீரனாகிக் காலில் காயம்பட்டு நொண்டியானவர். பிறகு ஒரு வீட்டில் ஏவலாளாக இருந்தார். கையில் எடுத்ததையெல்லாம் உடைத்துவிடும் அவலட்சணமான ஆள் என்று தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொண்டார். 1640ஆம் ஆண்டில் பாரிசிலிருந்த கார்மேல் சபை மடத்தில் சேர்ந்தார். படிப்பில்லாதவர் என்பதால் அவருக்குக் கிடைத்தது சமையற்கட்டு.

சமையல் வேலை அவருக்கு இயல்பாகப் பிடிக்காது. பிடிக்காத அந்த வேலையில் சுமார் பதினைந்து ஆண்டுகள் இருந்தார். அங்கேதான் அவர் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொண்டார். ஒவ்வொரு வேலையையும் தொடங்குமுன் கடவுளிடம் ஒரு வார்த்தை பேசுவது, செய்யும்போது அவர் அருகில் இருக்கிறார் என்று நினைப்பது, முடிந்தபின் நன்றி சொல்வது, தவறினால் மன்னிப்புக் கேட்டு மேலே செல்வது, இவ்வளவே அப்பழக்கம். சட்டியில் வேகும் பண்டத்தைத் திருப்பிப் போடுவதையும் கடவுள்மீது கொண்ட அன்புக்காகச் செய்யலாம் என்றார். பல பேர் பலவற்றைக் கேட்டுக் கூச்சலிடும் சமையற்கட்டிலும், முழந்தாள்படியிட்டு வேண்டும் வேளையிலும் தம் உள்ளத்தின் அமைதி ஒன்றே என்று சொல்லும் நிலையை அவர் அடைந்தார்.

ஆனால் இது எளிதில் வந்துவிடவில்லை. முதல் பத்தாண்டுகள் மிகவும் துன்புற்றதாக அவரே எழுதியிருக்கிறார். நினைவு சிதறும், மறந்துபோகும், தாம் தகுதியற்றவர் என்ற கவலை வாட்டும். எங்களுக்கு அந்நூலில் மிகவும் ஆறுதலாக இருந்த செய்தி அதுவே. ஒரே நாளில் பழகிவிடாததைக் கண்டு சோர வேண்டியதில்லை என்பது தெரிந்தது. பிற்காலத்தில் அவர் மடத்தாருக்குச் செருப்புத் தைத்துக் கொடுக்கும் வேலையில் இருந்து, 1691இல் மறைந்தார். அவர் பேசியவற்றையும் எழுதியவற்றையும் யோசேப்பு த பொஃபோர் என்னும் குருவானவர் தொகுத்து வெளியிட்டிராவிட்டால், அவர் பெயர்கூட உலகிற்குத் தெரிந்திராது.

நூலைப் படித்து முடித்ததும் நாங்களும் உற்சாகமடைந்தோம். காலையில் ஐந்து நிமிடம் மூவரும் சேர்ந்து ஜெபம், பேருந்து வரும்வரை மனத்துக்குள் ஒரு பாட்டு என்று தொடங்கினோம். அப்போதுதான் ஊரிலிருந்து எங்கள் தாயார் வந்து சேர்ந்தார். வந்த மறுநாளே சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கலயம் எங்கே?" என்று கேட்டார். கலயம் இல்லை. காலியான டப்பா ஒன்றைக் கழுவித் துடைத்து மூலையில் வைத்தார். அரிசி சமைக்கும் வேளையில் ஒரு பிடி அரிசி. சப்பாத்தி இடும் வேளையில் ஒரு பிடி கோதுமை மாவு. மாதக் கடைசியில் அதை ஆலயத்தில் ஏழைகளுக்கு உணவளிப்போரிடம் சேர்த்துவிடலாம் என்றார். எங்களுக்கும் அது நிறைவாக இருந்தது. ஊரே வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல் தோன்றிற்று.

சில வாரங்கள் சென்றன. ஒருநாள் இரவு டப்பாவைத் திறந்து பார்த்தபோது அதில் ஒன்றுமே இல்லை. நான்கைந்து நாட்களாகத் தாயார் அதில் எதுவும் போடவில்லை. மறந்துவிட்டார் போலும் என்று கேட்டோம். அவர் மறக்கவில்லை.

எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க ஓர் அம்மாள் வந்துகொண்டிருந்தார். பீகாரிலிருந்து வந்து குடியேறியவர். எங்களைப்போல அவரும் பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர்தாம். அந்த மாதம் அவர் குழந்தைக்குக் காய்ச்சல் என்று நான்கு நாட்கள் வரவில்லை. நாங்கள் அந்த நான்கு நாட்களின் கூலியைக் கழித்துவிட்டோம். மிச்சத்தையும், மாத முதலில் செலவு அதிகம் என்று சொல்லி, பத்தாம் தேதிக்குத் தள்ளி வைத்திருந்தோம். எங்கள் கணக்கில் அது நியாயமாகவே பட்டது. தாயாருக்கு இந்தி ஒரு சொல்லும் தெரியாது. ஆயினும் அந்த அம்மாள் பாத்திரத்தின்மேல் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவர் பார்த்திருக்கிறார். கையாலும் சாடையாலும் கேட்டு விஷயத்தை அறிந்திருக்கிறார். இரண்டாண்டுகளாக நாங்கள் கேட்டறியாத அவர் பெயரையும் அன்றே கேட்டறிந்துவிட்டார்.

"அவள் கூலி நம் கையில் இருக்கும்போது, இந்த டப்பாவில் நான் போடுகிற அரிசி யாருடைய அரிசி ஐயா?" என்றார் தாயார். குரலை உயர்த்தவில்லை. "முதலில் அவளுடையதைக் கொடுங்கள். அப்புறம் நம்முடையதைப் போடலாம்."

எங்களுக்கு வேறு பேச்சு வரவில்லை. எங்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அலுவலகத்தில் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அந்த அம்மாளுக்கு யார் கொடுப்பார்கள்? கூலியாளின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது மோசேயின் சட்டம். புதினாவிலும் சீரகத்திலும் பத்தில் ஒன்றைக் கணக்கிட்டுக் காணிக்கை செலுத்திவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டவர்களை இயேசு பெருமான் கடிந்துகொண்டார். இவற்றையெல்லாம் நாங்கள் ஞாயிறு பள்ளியில் மனப்பாடமாக ஒப்பித்துப் பரிசும் வாங்கியவர்கள். காலை ஐந்து நிமிட ஜெபத்தில் அன்றன்றைய உணவை 'எங்களுக்கு'த் தரும்படி நாள்தோறும் கேட்டவர்கள். அந்த 'எங்களுக்கு' என்னும் சொல்லுக்குள், அதே சமையலறையில் நின்று எங்கள் பாத்திரத்தைத் துலக்கியவர் இருந்தாரா என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

மறுநாட் காலையில் முழுக் கூலியையும் கொடுத்தோம். வாரத்தில் ஒருநாள் விடுமுறை என்றும், நோயுற்ற நாட்களுக்குக் கழிப்பதில்லை என்றும் ஏற்பாடு செய்தோம். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. செய்திருக்க வேண்டியதைக் காலந்தாழ்த்திச் செய்தோம், அவ்வளவுதான். அன்று மாலை தாயார் டப்பாவில் ஒரு பிடி அரிசி போட்டார்.

நேயர்களே, அன்றாட வாழ்வில் நம்பிக்கை என்பதைப் பற்றி நாங்கள் கற்ற பாடம் இதுவே. நம் வேலைகளுக்கு நடுவே கடவுளை நினைப்பது நல்லது. சகோதரர் லாரன்சின் வழி அது. ஆயினும் அந்த நினைவு உண்மையானதா என்பது நம் கையைக் கடந்து போகும் பணத்திலும், நம் வாயிலிருந்து போகும் சொல்லிலும், நமக்குக் கீழே உழைப்பவரை நாம் நடத்தும் முறையிலுமே தெரியவரும். ஞாயிறு ஆராதனையில் நம் பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கு நம்மை முழுதும் தெரியாது. நம் வீட்டில் வேலை செய்பவருக்குத் தெரியும்.

அப்படியானால் பிடி அரிசி போன்ற சிறு பழக்கங்கள் தேவையில்லையா என்று சிலர் கேட்கலாம். தேவை என்றே நாங்கள் எண்ணுகிறோம். அந்தப் பழக்கம் இல்லாதிருந்தால் எங்கள் தாயார் அதை நிறுத்தியிருக்க முடியாது, நாங்களும் விழித்திருக்கமாட்டோம். நாள்தோறும் செய்வது ஒன்று இருந்தால்தான், அதைச் செய்யக் கை கூசும் நாளும் நமக்குத் தெரியவரும்.

அந்தச் சிறு பழக்கம் எவ்வளவு பெரிதாக வளரக்கூடும் என்பதைப் பின்னர் ஓர் அண்டை வீட்டாரிடமிருந்து அறிந்தோம். நாங்கள் வேறு வீட்டுக்கு மாறியபோது, எதிர்வீட்டில் மிசோரம் மாநிலத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. ஒருநாள் எங்கள் தாயார் அவர்கள் சமையலறையில், அடுப்பின் அருகே தனியாக வைத்திருந்த அரிசியைக் கண்டார். அந்த வீட்டு அம்மையார் ஒரு பிடி அள்ளிக் காட்டி, மேலே கையை உயர்த்தினார். தாயார் அவரை அழைத்துவந்து எங்கள் டப்பாவைக் காட்டினார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. இருவரும் சிரித்துக்கொண்டே நெடுநேரம் நின்றார்கள்.

மிசோ மொழியில் இதற்குப் 'புஃபாய் தாம்' என்று பெயர். ஒரு பிடி அரிசி என்பதே அதன் பொருள். அம்மலைநாட்டுக்கு 1894இல் முதல் மிஷனரிமார் வந்து தங்கினர். 1910இல் அங்கிருந்த சபைப் பெண்கள் இப்பழக்கத்தைத் தொடங்கினர். பணப்புழக்கம் மிகக் குறைவாக இருந்த நாடு அது. கொடுக்கப் பணம் இல்லை. சமைக்க அரிசி உண்டு. ஆகவே சமைக்கும்போதெல்லாம் குடும்பத்துக்கென அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியே வைத்தனர். சபைப் பெண்கள் வீடுவீடாகப் போய் அதைத் திரட்டுவர். அதை விற்று வரும் பணம் சபையின் ஊழியத்துக்குப் போகும். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் இப்பழக்கம் இன்றும் அங்கே நடந்துவருகிறது. அங்குள்ள சபைகள் வெளியார் பணத்தை எதிர்பாராமல் தம் காலில் நின்று, பிற இடங்களுக்கும் ஊழியர்களை அனுப்புகின்றன. அதற்கு அந்தப் பெண்களின் கைப்பிடியும் ஒரு முக்கியமான காரணம். யாரும் பசியோடு படுக்கவில்லை. ஒரு பிடி குறைந்ததை ஒருவரும் உணரவில்லை. ஆயினும் நாள்தோறும் சேர்ந்ததால் அது பெருகியது.

நம் நெல்லைச் சீமையின் காணிக்கைக்கும் அத்தகைய வரலாறு உண்டு. 1903இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் இந்தியரின் பணத்தாலும் இந்தியரின் நிர்வாகத்தாலும் நடக்கும் ஒரு மிஷனரி சங்கத்தைத் தொடங்கினர். அச்சங்கத்தைத் தொடங்க முன்னின்றவர்களுள் ஒருவர், வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. இவர் 1909இல் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்குச் சென்று குடியேறினார். 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவின் தூய பவுல் பேராலயத்தில் பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதல் முறை. 1945ஆம் ஆண்டின் முதல் நாளில் மறையும்வரை தோர்ணக்கல்லையே தம் ஊராகக் கொண்டிருந்தார்.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு அவர் வாழ்வில் பயனுள்ள பாடம் ஒன்று உண்டு. அவர் தெலுங்கு கற்றார். தாம் வந்த இடத்து ஏழை விவசாயக் கூலிகளோடு அவர்கள் மொழியிலேயே பேசினார். தோர்ணக்கல்லில் அவர் எழுப்பி, 1939இல் திறக்கப்பட்ட பேராலயத்தில் இந்துக் கோயிற் கலையும் இஸ்லாமியக் கட்டடக் கலையும் கலந்திருப்பதை இன்றும் காணலாம். தாம் குடியேறிய மண்ணை அவர் தங்கிப்போகும் சத்திரமாக எண்ணவில்லை.

நாமோ ஓர் ஊரில் இருபதாண்டுகள் வாழ்ந்தும், அங்குள்ளவர்களோடு விலை கேட்பதற்கும் வேலை ஏவுவதற்கும் மேல் பேசுவதில்லை. மொழி தெரியாதது ஒரு காரணம். நாளை ஊருக்குப் போய்விடப் போகிறோம் என்ற எண்ணம் இன்னொரு காரணம். அண்டை வீட்டாரை நேசிக்க வேண்டும் என்று போதிக்கப்பட்டவர்கள், அண்டை வீட்டாரின் மொழியில் அவர் நலம் விசாரிக்கவாவது கற்றுக்கொள்ள வேண்டாமா? காய்கறி விற்பவர் தாயாரின் உடல்நிலை எப்படி என்று இந்தியிலோ மராத்தியிலோ வங்காளியிலோ தட்டுத்தடுமாறிக் கேட்பதும் வழிபாட்டின் ஒரு பகுதியே என்று நாங்கள் நம்புகிறோம்.

இனி, ஒருநாளைப் பொழுதை மனத்தில் வைத்துப் பார்ப்போம். காலையில் எழுந்ததும் வீட்டார் சேர்ந்து சில நிமிடம் அமைதியாக இருத்தல். குழந்தைக்குத் தாய்மொழியில் ஒரு ஜெபம் கற்பித்தல். பேருந்தில் முதியவருக்கு எழுந்து இடம் கொடுத்தல். அலுவலகத்தில் பயணப்படிக் கணக்கு எழுதும்போது, போகாத ஊருக்குப் போனதாக எழுதாமலிருத்தல். தாமதமானதற்குப் பொய்க் காரணம் சொல்லாதிருத்தல். இல்லாதவரைப் பற்றி எல்லோரும் பேசும்போது ஒரு நல்ல சொல்லையாவது சேர்த்தல். கடையில் மிகுதியாகச் சில்லறை வந்தால் திருப்பிக் கொடுத்தல். மாலையில் களைத்து வந்தாலும் மனைவி மக்களிடம் கடுஞ்சொல் கூறாதிருத்தல். கூறிவிட்டால் உறங்குமுன் மன்னிப்புக் கேட்டல். இவற்றுள் எதுவும் செய்தித்தாளில் வராது. யாரும் பாராட்டவும் மாட்டார்கள். வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற போதனைக்கு ஏற்ற செயல்கள் இவையே.

ஞாயிறு ஆராதனை வேண்டாம் என்பது எங்கள் கருத்தன்று. இவ்வாறு வாழ முயன்றபின்தான் ஞாயிறு எங்களுக்குத் தேவைப்பட்டது. வாரம் முழுதும் தவறித் தவறி நடந்தவர்களுக்கு, ஏழாம் நாளில் மற்றவர்களோடு சேர்ந்து மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கும் இடம் வேண்டியிருக்கிறது. இரண்டு பேருந்து மாறும் தொலைவு அதன்பின் பெரிதாகத் தோன்றவில்லை. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் தமிழில் ஆராதனை நடக்கும் ஆலயங்கள் உண்டு. ஊரில் கேட்ட அதே பாட்டை அங்கே பலர் சேர்ந்து பாடும்போது ஏற்படும் ஆறுதலை அனுபவித்தவர் அறிவர்.

எங்கள் தாயார் இப்போது இல்லை. அவர் கழுவித் துடைத்து வைத்த டப்பா இன்னும் எங்கள் சமையலறை மூலையில் இருக்கிறது. அரிசி அள்ளும் கை இப்போது மருமகளுடையது. சில நாட்களில் மகனுடையது. விடுமுறைக்கு வரும் பேரக் குழந்தைகளும் போட்டி போட்டுக்கொண்டு தங்கள் சின்னக் கையால் ஒரு பிடி போடுகிறார்கள். மூடியைத் திறக்கும்போதெல்லாம், அன்றைக்கு யாருக்காவது கொடுக்க வேண்டியது எதையாவது நிறுத்தி வைத்திருக்கிறோமா என்ற எண்ணம் எங்களுக்கு வந்துவிடுகிறது. சில நாட்களில் அந்த எண்ணம் வந்தபின், டப்பாவை மூடிவிட்டுச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்து மீண்டும் திறக்கிறோம்.

இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் வேளையில் உங்களில் பலர் வீட்டில் இரவுச் சமையல் நடந்துகொண்டிருக்கலாம். தொலைவில் விட்டுவந்த ஊரை நினைத்துக்கொண்டே அரிசி களைந்துகொண்டிருக்கலாம். களைவதற்குமுன் ஒரு பிடி அள்ளி வையுங்கள். எந்தப் பெயரைச் சொல்லிக் கடவுளை அழைப்பவராயினும், அந்த ஒரு பிடி நம் வீட்டுக்கு வெளியே இருப்பவரை நாள்தோறும் நமக்கு நினைவூட்டட்டும்.